கரிபடிந்த உத்தரத்தில் ஓர் ஆண்டு

உர்வே கல்லாஸ்தெ 1961ஆம் ஆண்டு, எஸ்தோனியாவின் வோருமா வட்டாரத்தில், கூசெமா கிராமத்தில் பிறந்தார். இருபத்தெட்டு ஆண்டுகள் பால் வண்டி ஓட்டினார். மணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுபெற்றதும் ஒரு கேமராவும் கனமான ஒரு முக்காலியும் வாங்கினார். இதுவரை நாற்பத்தொரு பழைய பண்ணைக் கட்டடங்களைப் படமெடுத்திருக்கிறார். என் பெரியப்பாவின் மகள், எனக்கு அக்கா.

குடும்ப ஏடு என் பொறுப்பில் இருக்கிறது. எங்கள் பூர்வீக வீட்டைப் பற்றி அதில் என் தகப்பனார் எழுதிய வரி இது: “கட்டிய ஆண்டு 1827. உத்தரத்தில் செதுக்கியுள்ளது.” அந்த வரியை யாரும் சரிபார்த்ததில்லை. நானும்தான்.

அந்த வீட்டின் பாதி, கதிர் உலர்த்தும் கூடம். புகைபோக்கி இல்லாத அடுப்பை மூட்டி, மேலே கழிகளில் கதிர்க்கட்டுகளை அடுக்கிக் காயவைத்த இடம். தலைமுறை தலைமுறையாகப் படிந்த கரி, சுவரிலும் உத்தரத்திலும் தார் பூசியதுபோல் மினுங்கும்.

2022 இலையுதிர் காலத்தில் சாலைத் துறையிடமிருந்து கடிதம் வந்தது. சாலை அகலமாகிறது, வீடு இடிபடும். 1860க்கு முன் கட்டியது என்று மார்ச் முடிவதற்குள் நிறுவினால் சாலை விலகிப் போகும். கரியைச் சுரண்டக் கூடாது. சுரண்டினால் எண்ணைப் புதிதாகச் செதுக்கியதாகவே கருதப்படும்.

உத்தரம் நான்கு மீட்டர் உயரத்தில் இருந்தது. கழிகள் உளுத்துவிட்டதால் ஏணி சாத்த வழியில்லை. டார்ச் அடித்தால் கரி பளபளத்து எல்லாவற்றையும் விழுங்கியது. சாதாரணமாகப் படமெடுத்தால் கதவுப்பக்கம் வெள்ளைக் காகிதமாகவும் உத்தரம் வெறும் இருட்டாகவும் விழுந்தன. உர்வேக்குத் தெரிந்த வழி ஒன்றே. கேமராவை அசைக்காமல், அதற்குள் விழும் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஒன்பது படங்கள் எடுத்து, பிறகு கணினியில் ஒன்றாக இணைப்பது. கைப்பேசிகளில் எச்.டி.ஆர். என்று இருப்பதும் இதுதான்.

சனவரியில் முதல் முறை எடுத்தபோது தவறு நேர்ந்தது. எங்கள் ஊரில் யாரையும் குளிர்ந்த வீட்டுக்குள் அழைப்பதில்லை. அக்கா வருகிறார் என்பதற்காக, அவருடைய தம்பி ஹெல்தூர் விடியற்காலையிலேயே கூடத்து அடுப்பை மூட்டிவிட்டார். அது முறை என்பதால் எங்களில் ஒருவருக்கும் தப்பாகப் படவில்லை. ஒன்பது படத்திலும் புகை ஒன்பது இடத்தில் நின்றது. இணைத்ததும் உத்தரத்தின்மேல் சாம்பல் நிறத் திரை விழுந்தது. அதை விலக்கப் போய் உர்வே நிறத்தையும் கூர்மையையும் ஏற்றிக்கொண்டே போனார். சுவர் ஆரஞ்சாயிற்று, வாசல் பனி ஊதாவாயிற்று.

மரபுக் கட்டடங்களைப் பார்க்கும் அதிகாரி தெத்ரே அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“படம் நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா இது வீடா, பொறந்தநாள் கேக்கா?”

“கேக்கா இருந்தா இந்நேரம் தின்னிருப்பீங்க.”

“சரி, இதுல எண்ணு எது, புகை எது? நீங்களே சொல்லுங்க. சாலைக்காரங்க கேட்டா நான் என்னத்தக் காட்டுவேன்? கை வைக்காத ஒம்பது படத்தையும் தனித்தனியாக் கொண்டாங்க.”

வீடு திரும்பியதும் உர்வே தம்பியிடம், இனி அடுப்பு மூட்டக் கூடாது என்றார்.

“நெருப்பில்லாம எப்படிக்கா உள்ள போறது? எழவு வீடாட்டம்!”

“எழவு விழாம இருக்கணும்னா கொஞ்ச நாள் குளிரட்டும்டா.”

அவருக்கு வேண்டியிருந்தவை மூன்று: வாசலில் புதுப்பனி, தாழ்ந்த வெயில், காற்றில்லாத காலை. பனியில் பட்டுத் தெறிக்கும் ஒளி கீழிருந்து சாய்வாக உத்தரத்தில் விழுந்தால் செதுக்கிய பள்ளங்கள் நிழல் காட்டும் என்று கணக்கிட்டிருந்தார். மூன்று முறை முக்காலியைச் சுமந்து வந்து, மேகத்தைப் பார்த்துத் திரும்பிப் போனார். நான்காம் முறை மார்ச் பதினான்கு. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினொரு டிகிரி. பேட்டரிகளைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றினார். நிழல் விழும் என்று எங்களை வீட்டின் பின்புறம் போய் நிற்கச் சொன்னார். கடைசிப் படத்துக்கு முப்பது விநாடி வேண்டும். ஹெல்தூர் அங்கிருந்து இருமினார்.

“இருமலை மதியானத்துக்கு வச்சுக்கோ!” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

நான்கு சுற்று எடுத்தார். பிறகு சமையலறை மேசையில் கம்பு ரொட்டியையும் உப்பு மீனையும் ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கணினியைத் திறந்தார். இம்முறை நிறத்தைத் தொடவில்லை. நான்கு சுற்றுகளையும் தனித்தனியே இணைத்ததும் கரிக்குள்ளிருந்து எண்கள் எழுந்தன, நான்காம் சுற்றில் மிகத் தெளிவாக. ஒன்று, எட்டு, ஐந்து, ஏழு.

“அஞ்சா? அது ரெண்டுக்கா. கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாரு.”

“நாலு சுத்துலயும் அஞ்சுதான்.”

ஹெல்தூர் மீன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “அஞ்ச ரெண்டாக்க உனக்கு எத்தன நிமிஷமாகும்?”

“ரெண்டு.”

“அப்புறமென்ன? மூணு வருஷத்துல தப்பிக்கிறதவிட முப்பத்துமூணு வருஷத்துல தப்பிக்கிறது கெட்டியில்லையா? இத்தன வருஷமா ஊரெல்லாம் இருபத்தேழுன்னு சொல்லிட்டுத் திரியறோம்!”

“கரியில கை வைக்கக் கூடாதுன்னாங்கல்ல. மவுஸால சுரண்டினாலும் அது சுரண்டல்தான். ஒம்பது படமும் எடுத்தபடியே போகும்.”

ஹெல்தூர் என் பக்கம் திரும்பினார். “ஏட்டுக்காரி, நீ சொல்லு. சித்தப்பா எழுதினது பொய்யா?”

“அப்பா ஏறிப் பார்த்ததா எங்கேயும் எழுதலையே” என்றேன். அதைச் சொல்ல எனக்குச் சிரமமாகத்தான் இருந்தது.

தெத்ரே ஒன்பது படங்களையும் வரிசையாக வைத்து, இணைத்த படத்தோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டார். இருண்ட படத்தை மட்டும் இருமுறை கேட்டு வாங்கினார். அரைமணி நேரம் கழித்து, “ஒத்துப்போகுதும்மா” என்றார். “இந்தத் தடவ கேக் இல்ல, பரவாயில்ல.”

மே மாதம் ஆணை வந்தது. சாலை பதினொரு மீட்டர் விலகிப் போகும். அன்று மாலையே ஹெல்தூர் கூடத்து அடுப்பை மூட்டினார், உர்வே தடுக்கவில்லை.

என் தகப்பனாரின் வரியை, இன்னும் படிக்கும்படியாக ஒரே கோட்டால் அடித்தேன். கீழே எழுதியது இது:

கட்டிய ஆண்டு 1857. சான்று: உர்வே கல்லாஸ்தெ 14.3.2023 அன்று எடுத்த ஒன்பது படங்கள். அன்று வீட்டின் வயது நூற்று அறுபத்தாறு ஆண்டுகள்.