நான் வைக்காத கல்

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். அதில் முதல் பத்து வருஷம் டிராக்டர் டிரைவர். மலையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான்: சரிவில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது, பின்சக்கரத்துக்குக் கல் கொடுக்க வேண்டும். அதற்கென்றே இரண்டு கற்களை டிரெய்லரில் போட்டு வைத்திருப்போம்.

வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு ஆடி மாதப் பகல். மூன்று நாளாக விடாத சாரல். மேல்காட்டில் கொழுந்து எடை போடும் கொட்டகைக்குக் கீழே வண்டியை நிறுத்தினேன். கை விறைத்துப் போயிருந்தது. கொட்டகையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, கொதிக்கிற டீயின் வாசனை வந்தது. இரண்டு நிமிஷம்தானே என்று கல் வைக்காமல் ஓடினேன்.

கொழுந்து மூட்டைகளை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, கப்பலேறி இந்தப் பக்கம் வந்த குடும்பம். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். இருவரும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள்; சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். டம்ளரை வாயில் வைத்திருந்தபோது அவருடைய குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது டிரெய்லர் பின்னால் உருண்டு பாதையோரத் தடுப்புச் சுவரில் முட்டி நின்றிருந்தது. நடுவில் அவருடைய இடது கால்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஆபீசில் விசாரணை. மேனேஜர் கேட்டார், பெரிய கிளார்க் எழுதிக்கொண்டார். என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். கேள்வியை அவர் முடிக்கும் முன்பே என் வாயிலிருந்து பதில் வந்துவிட்டது.

“கல் வெச்சேனுங்க. மூட்டை ஏத்த வசதியா இருக்கட்டும்னு அவரே எடுத்துட்டு வண்டிய நகர்த்திருப்பாருங்க.”

ஏற்றுகிற ஆட்கள் அப்படிச் செய்வதும் உண்டுதான். அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் அவரிடமும் கேட்டார்கள். எப்படி நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை என்று மட்டும் சொன்னாராம். விசாரணை அத்தோடு முடிந்தது. தன் கவனக்குறைவால் தானே காலை இழந்தவர் என்று எஸ்டேட் முழுக்க அவருக்குப் பெயர் நின்றுவிட்டது.

அவர் ஊன்றுகோலோடு திரும்பி வந்தார். ஃபேக்டரி கேட்டில் வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கொழுந்தெடுக்கும் வேலை. மனுஷி பாசக்காரிதான், ஆனால் வாய் சும்மா இருக்காது. தண்ணீர் தூக்கும்போதும் விறகு சுமக்கும்போதும் புருஷனை ஏசிக்கொண்டே இருப்பார். வைத்த கல்லை எடுக்கச் சொன்னது யார், அவசரப்பட்டது யார், இப்போது அனுபவிப்பது யார் என்று எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். அவர் ஒரு நாளும் பதில் பேசி நான் கேட்டதில்லை.

நான் என்னால் ஆனதையெல்லாம் செய்யத் தொடங்கினேன். என் மாமனார் வீடு இத்தலாரில். அங்கே போய்வரும் போதெல்லாம் உருளைக்கிழங்கும் கேரட்டும் முட்டைக்கோசும் ஒரு பை நிறையக் கொண்டுவந்து அவர்கள் வாசலில் வைப்பேன். மழைக்கு முன்னால் அவர்கள் கூரைத் தகரத்தைச் சரி பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை அவரைக் கைத்தாங்கலாகக் கோயிலுக்குக் கூட்டிப் போவேன். கூட்டிப் போய் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அப்பமும் திராட்சைரசமும் கொடுக்கும் திருவிருந்து நடக்கிற மாத முதல் ஞாயிறு என்றால், நான் பாதியில் எழுந்து வெளியே வந்துவிடுவேன். ஃபேக்டரியில் லோடு இருக்கிறது என்று என் மனைவியிடம் சொல்வேன். அந்த அப்பத்தை வாங்க என் கை நீளாது. எட்டு வருஷம் அப்படிப் போயிற்று.

சபையில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்க்கமாட்டான் என்பார்கள். ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் இன்னொரு பை காய் கொண்டுபோய் வைத்தேன். அந்த எட்டாம் வருஷம் அறுப்புப் பண்டிகை ஆராதனையில் சபைப் போதகர் ஐயர் பிரசங்கத்தின் நடுவே என்னை எழுந்து நிற்கச் சொன்னார். அன்பு என்றால் என்னவென்று இந்தச் சகோதரனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். நான் நின்றேன். இரண்டு பெஞ்சுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. பாவம், இந்தப் பையன் எவ்வளவு நாள்தான் இதைச் சுமப்பான் என்கிற மாதிரி ஒரு பார்வை. அவருக்கு எல்லாம் தெரியும் என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. தெரியாமல் எப்படி இருக்கும்? கல்லைத் தான் எடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாதா? எட்டு வருஷமாக இந்தச் சின்ன விஷயத்தை நான் யோசிக்காமலே இருந்திருக்கிறேன், அல்லது யோசிக்கப் பயந்திருக்கிறேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவருக்கு லீவு. அக்கா காட்டுக்குப் போயிருந்தார். மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். பழக்க தோஷத்தில் கையில் காய்ப்பை. அவர் கட்டிலில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் கோத்து வைத்திருந்தேன். உள்ளே நுழைந்ததும் ஒரு சொல்லும் வரவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துத்தான் சொன்னேன்.

“அண்ணா, அன்னிக்கு நான் கல் வெக்கலீங்க.”

அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

“தெரியும் தம்பி.”

“அப்புறம் ஏனுங்கண்ணா ஒரு வார்த்தை சொல்லல?”

“மொத வருஷம் சொல்லணும்னுதான் இருந்தேன். ஒங்கள நெனச்சாலே இல்லாத கால் வலிக்கும். அப்பறம் ஒங்களுக்குப் புள்ள பொறந்துச்சு. நீங்க காய்ப்பையோட வந்து நிக்கிறப்ப ஒங்க மொகத்தப் பார்ப்பேன். எனக்குக் கால்தான் போச்சு, இந்த மனுசனுக்கு என்னென்ன போச்சோன்னு தோணும். ஆண்டவரே, இவர மன்னிக்க எனக்கு மனசு குடுங்கன்னு கேட்டேன். ஒரே நாள்ல குடுக்கல. கொஞ்சங் கொஞ்சமா குடுத்தாரு.”

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். எதுவும் செய்ய வேண்டாம் என்றார். அது எனக்குத் தாங்கவில்லை. ஏதாவது சொல்லுங்கள், காலம் முழுக்கச் செய்கிறேன் என்று கெஞ்சினேன். அவர் நான் வாசலில் வைத்திருந்த பையைக் காட்டினார்.

“இனி இதக் கொண்டு வராதீங்க. இத நீங்க வச்சுட்டுப் போறப்பெல்லாம் எனக்குக் கஷ்டமா இருக்கும். மன்னிச்சு எவ்வளவோ நாளாச்சு, இவரு இன்னும் வெளியவே நிக்கிறாரேன்னு. வரணும்னா வெறுங்கையோட வாங்க.”

சின்ன வயதிலிருந்து கிருபை என்ற சொல்லை ஞாயிறு பள்ளியிலும் ஜெபக் கூட்டத்திலும் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். இலவசமாகக் கிடைப்பது என்று அர்த்தமும் சொல்வேன். இலவசமாக வாங்கிக்கொள்வது இவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடவுளிடமும் எட்டு வருஷமாகக் காய்ப்பைதான் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். உள்ளே போகவேயில்லை.

மேனேஜரிடம் உண்மையைச் சொல்லப் போவதாகச் சொன்னேன். வேண்டாம், என்னைப் பற்றி ஆண்டவருக்குத் தெரிந்தால் போதும் என்றார். எஸ்டேட்டுக்கும் தெரியணுமுங்க அண்ணா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்போது இருந்தவர் புது மேனேஜர். பழைய ஃபைலை எடுத்துவரச் சொல்லிப் படித்தார். இவ்வளவு காலம் கழித்து ஏன் சொல்கிறாய் என்று கேட்டார். எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். வேலையை விட்டு எடுக்கவில்லை. டிராக்டரிலிருந்து எடுத்து, ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடிக்கு மாற்றினார். மாலைக்குள் எல்லா லைனுக்கும் செய்தி போய்விட்டது.

அக்காவுக்கும் போயிற்று.

அவர் வந்து என்னை நாலு கேள்வி கேட்பார், செருப்பால்கூட அடிப்பார் என்று காத்திருந்தேன். வரவில்லை. என்னோடும் பேசவில்லை, புருஷனோடும் பேசவில்லை. அவர்கள் வீட்டில் சத்தமே இல்லாமல் போயிற்று. அக்கா கோயிலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். அண்ணன் தனியாக ஊன்றுகோலில் மெல்ல வருவார். ஒரு பொய்யை எடுத்துப்போட்டதில் ஒரு குடும்பமே சரிந்துவிட்டதோ என்று பயந்தேன். அண்ணன் திருவிருந்துக்கு வாங்க என்று கூப்பிட்டும், அக்கா இப்படி இருக்கையில் நான் எந்த முகத்தோடு போவேன் என்று அந்த மாதமும் பின்வாங்கினேன்.

ஐந்தாறு வாரம் இருக்கும். ஒரு சனிக்கிழமை, கொழுந்து எடை முடிந்த நேரம், அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். முதுகில் கூடை, தலையில் போட்டிருந்த சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. என் மனைவி உள்ளே கூப்பிட்டு அடுப்புப் பக்கத்தில் மணை போட்டாள். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் நெருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“நீங்க அவருகிட்ட எப்பிடிக் கேட்டீங்க?”

எனக்குப் புரியவில்லை. என்ன கேட்டேன் என்கிறீர்கள் அக்கா என்றேன்.

“மன்னிப்பு. அத எப்பிடிக் கேட்டீங்கன்னு சொல்லுங்க. எட்டு வருஷமா நான் அந்த மனுசன ஏசியிருக்கேன். செய்யாத ஒண்ணுக்கு. ஒரு வாய்த் தேத்தண்ணிகூட அவரு நிம்மதியாக் குடிக்கல. இப்பப் போய் என்னன்னு கேக்கிறது? வாசப்படி வரைக்கும் போறேன், வாய் வரல.”

என் பொய் இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நான் அதுவரை நினைக்கவில்லை. என் பாவத்தால் இந்தப் பெண்ணையும் பாவியாக்கி வைத்திருக்கிறேன். அவர் என்னிடமே வந்து வழி கேட்கிறார். நான் உண்மையைச் சொன்னேன். எனக்கும் வாய் வரவில்லை அக்கா, தரையில் உட்கார்ந்து அழுதேன், அவ்வளவுதான், மீதியை அவரே செய்தார் என்றேன். அக்கா தலையசைத்தார். டீ கொடுத்தோம், குடித்தார். எழுந்து கூடையை மாட்டும்போது முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

“ஒங்க மேல எனக்குக் கோவம் இருக்கு. மறைக்கல. அது போகணும்னு வேண்டிக்கிறேன்.”

நல்லதுங்க அக்கா என்று மட்டும் சொன்னேன்.

அன்றைக்கு அவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்று அக்கா பிறகு என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அக்கா அழுததும் அண்ணன் சிரித்தாராம். நீ ஏசினதுனாலதான் நான் எந்திரிச்சு நடந்தேன், இல்லாட்டிக் கட்டில்லயே கெடந்திருப்பேன் என்றாராம். அது உண்மையா, மனைவிக்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் இருக்கலாம்.

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. அக்கா கோயிலுக்கு வந்திருந்தார். பாவ அறிக்கை முடிந்து, ஐயர் பாவமன்னிப்பின் வார்த்தைகளைச் சொல்லி, ஜனங்கள் பெஞ்சு பெஞ்சாக எழுந்து பீடத்துக்குப் போகத் தொடங்கினார்கள். வழக்கமாக நான் வெளியே போகிற நேரம் அது. எழுவதா வேண்டாமா என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணனைப் பிடித்தபடி நடுப் பாதையில் வந்துகொண்டிருந்த அக்கா என் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார்.

“எந்திரிங்க தம்பி. படியில இவர நான் ஒருத்தியா ஏத்த முடியாது. அந்தப் பக்கம் நீங்க புடிங்க.”

வலது பக்கம் போய்ப் பிடித்தேன். மூன்று படி. மூவரும் ஏறினோம். அண்ணனால் முழங்காலிட முடியாது, பீடத்துக்கு முன்னால் இருந்த கம்பியைப் பிடித்து நின்றார். நாங்கள் இருவரும் முழங்காலிட்டோம். ஐயர் என் முன்னால் வந்தபோது ஒரு வினாடி நின்று என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கையை நீட்டினேன். அப்பம் உள்ளங்கையில் விழுந்தது. எட்டு வருஷப் பசி என்று பெரிதாகச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அந்த நேரத்தில் எதுவுமே தோன்றவில்லை. முழங்கால் சில்லென்று இருந்தது, பக்கத்தில் அக்காவின் ஈரப் புடவை வாசனை வந்தது, அவ்வளவுதான். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். அக்கா என்னோடு தேவைக்கு மட்டும் பேசினார். நான் அவர்கள் வீட்டுக்குப் போனால் அண்ணனோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருவேன். அக்கா உள்ளே ஏதாவது வேலையாக இருப்பார். காய் கொண்டுபோகவில்லை. கை சும்மா இருப்பது ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் குன்னூர் மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்தேன். அவரைக்காய்க் கடை முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஏதோ மறந்ததை நினைத்துக்கொண்டவர்போலச் சொன்னார்.

“தம்பி, அது போயிருச்சு.”

“எதுங்கக்கா?”

“ஒங்க மேல இருந்தது. எப்பப் போச்சுன்னு தெரியல. காலையில ஜெபம் பண்றப்ப தேடிப் பார்த்தேன், காணோம்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கடைக்காரர் எடைக்கல்லைத் தட்டில் போட்டார். அக்கா அவர் பக்கம் திரும்பி, முத்தின காயெல்லாம் எடுத்துப் போடுங்க என்று சண்டைக்குப் போய்விட்டார்.