தங்கூசியில் கோத்த மகாராணி

நெல்லியடியில் ஒரு நகைக்கடை வாசலில் மணி கோக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். என் மகளின் வயதிருக்கும். எந்த மணியைக் கொடுத்தாலும் முதலில் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். கல்லென்றால் குளிரும், கண்ணாடி அவ்வளவு குளிராது.

ஓய்வு பெற்றபின் எனக்குப் பிடித்த பைத்தியம் பழைய மணிமாலைகள் சேர்ப்பது. அன்று கொக்கி மாற்றக் கொண்டுபோனது விக்டோரியா மகாராணி காலத்துக் கார்னெட் என்னும் சிவப்புக் கல் மாலை. அவள் கேட்காமலே அதன் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினேன். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலையும் உயர்த்தினேன்.

அவள் மாலையைக் கன்னத்திலிருந்து எடுத்தாள்.

"நல்ல கல்லு ஐயா. ஆர் இதைக் கோத்தது?"

"நான்தான் பிள்ளை. தங்கூசியிலை, அதுதான் தூண்டில் போடுற நைலோன் நூலிலை, கோத்தனான். மீன் இழுத்தாலும் அறாது."

"பழைய நூல் எங்கை?"

"மணிக்கு மணி முடிச்சுப் போட்டு, ஒரே ஊத்தையாக் கிடந்தது. வெட்டி எறிஞ்சுபோட்டன்."

அவள் தங்கூசியை நகத்தால் சுண்டிப் பார்த்தாள்.

"கல்லு எப்பவும் பழசுதான் ஐயா. அந்த முடிச்சுத்தான் ராணி காலத்து ஆள் போட்டது."

பிறகு கொக்கியை மாட்டி நீட்டினாள். மாலை அவள் கையில்தான் இருந்தது. ஆனாலும் 'இது' என்று சொல்லாமல், எதிரே நிற்பவரிடம் இருக்கும் பொருளைச் சொல்வதுபோல் என் பக்கம் தள்ளிவிட்டு, "இந்தாங்கோ, உது சரி" என்றாள்.

இப்போதும் வீட்டுக்கு வருபவர்களை நான் சும்மா விடுவதில்லை. மாலையைக் கையில் ஏந்திக்கொண்டு மகாராணியிலிருந்து தொடங்கப் பார்க்கிறேன். வாயைத் திறந்தால் "உது..." என்றுதான் வருகிறது.