ஒம்போது என்று கூப்பிட்டவன்

மெல்போர்னில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில், சட்டையில் குத்திக்கொள்ளும் பெயர்ப் பட்டையில் பெயருக்குக் கீழே இன்னொரு வரி உண்டு. நம்மை மற்றவர்கள் 'ஹீ' என்பதா, 'ஷீ' என்பதா, இரண்டுக்கும் பொதுவாக 'தே' என்பதா என்று நாமே சொல்லலாம். சேர்ந்த அன்று அதைக் கேட்டார்கள். என்னை எப்படி அழைப்பது என்று அதுவரை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை.

திருவண்ணாமலையில் ஏழாம் வகுப்பு படித்தபோது, வகுப்புப் பையன்கள் கேட்காமலே ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: ஒம்போது. பெண்சாயல் உள்ள பையன்களைச் சீண்ட எங்கள் பக்கம் அந்த எண்ணே போதும். பையன்கள்மேல்தான் என் மனம் போகிறது என்று எனக்கே அப்போதுதான் மங்கலாகத் தெரியத் தொடங்கியிருந்தது. அவர்களுக்கு மட்டும் எப்படி முன்பே தெரிந்தது என்ற பயம் வேறு. ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லும்போது மொத்த வகுப்பும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். கணக்கு வாத்தியார் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொள்வார். எல்லாவற்றுக்கும் சேகர்தான் தலைவன். என் பையைப் பிடுங்கிப் பெண்பிள்ளைகள் பெஞ்சில் வைப்பான்.

ஒருநாள் காலைக் கூட்டத்தில் குறள் சொல்லும் முறை எனக்கு வந்தது. சொல்லி முடித்தும் மைக்கை விடவில்லை.

"என் பேரு முரளி. ஒம்போது இல்ல. சேகரு, இனிமே அப்படிக் கூப்பிடாத."

மைதானமே சிரித்தது.

தலைமையாசிரியர் அம்மாவை வரச் சொன்னார். துணிக்கடை வேலைக்கு அரைநாள் லீவு போட்டு வந்தாள்.

"பையனை ஆம்பள மாதிரி நடக்கச் சொல்லுங்கம்மா. அவனுங்க ஏன் பேசப்போறானுங்க?" என்றார்.

"நடக்கறது இவன் காலுங்க சார். பேசறது அவனுங்க வாயி. எதை அடக்கணும்னு நீங்களே சொல்லுங்க," என்றாள் அம்மா.

கடைசியில் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டவன் நான்தான். சேகர் அதே பெஞ்சில் இருந்தான்.

இதை அலுவலகத் தோழி எம்மாவிடம் ஒருமுறை சொன்னேன். "பாவம், நல்லவேளை தப்பித்து வந்துவிட்டாய்," என்றாள். நான் சொன்னது அம்மாவின் தைரியத்தை. அவள் காதில் விழுந்தது ஊரின் கொடுமை மட்டும். தப்பித்தேனாம்! இங்கே டிராமில் என் இங்கிலீஷை இழுத்துப் பேசிக்காட்டிச் சிரித்த பையன்களை என்ன கணக்கில் சேர்ப்பது? எரிச்சலை விழுங்கிக்கொண்டு சிரித்து வைத்தேன்.

போன லீவில் ஊருக்குப் போனபோது, செங்கம் ரோட்டில் ஒரு டீக்கடை வாசலில் சேகர் ஓடிவந்து தோளில் கை போட்டான்.

"டேய் முரளி! ஆஸ்திரேலியாலயாமே? ஆளே மாறிட்டடா!"

"காலைக் கூட்டத்துல மைக்ல உன்னப் பத்திப் பேசனேனே, ஞாபகம் இருக்கா?"

"நீ எங்கடா பேசன? நீதான் ஊமையாச்சே!"

நிஜமாகவே மறந்திருந்தான். நான் வருடக்கணக்காகச் சுமந்தது அவனிடம் இல்லவே இல்லை. பக்கத்தில் நின்ற தன் மகளிடம், "வணக்கம் சொல்லும்மா, நம்ம ஊரு அங்கிள்," என்றான். அவன் வாயிலிருந்து அந்த 'நம்ம ஊரு' வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்தப் பெண் கை கூப்பிவிட்டுக் கேட்டாள்: "எப்ப அங்கிள் ஊருக்குப் போறீங்க?"

அவள் ஊர் என்றது மெல்போர்னை. எதிரே என் ஊர் மலை நின்றது. "வெள்ளிக்கிழமைம்மா," என்றேன்.