வேட்டியைப் பிடித்த விரல்கள்

மறைந்த தலைவர்களைப் போல வேஷம் கட்டி என்னை நானே படம் எடுப்பேன். மீசை ஒட்டி, காந்திகிராமத்துக் கதர்ச் சட்டை மாட்டி, மந்திரியாகவும் சிறைக்குப் போன தியாகியாகவும் நிற்பேன். பின்னால் திரையாக அப்பாவின் வெள்ளை வேட்டி. ஒரு முனை ஆணியில், மறுமுனை அம்மாவின் கையில்.

“செத்துப்போனவுக வேசத்தை எம்புட்டு நாளைக்குத்தான் போடுவ? செத்த நேரம்னு சொன்ன, கை கடுக்குதுடி” என்பாள்.

“ஆடாமப் பிடிம்மா” என்று எரிந்து விழுவேன்.

போன மாதம் அம்மா இறந்துபோனாள். கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் அடிக்கப் பேகம்பூர் கடைக்குப் போனேன்.

“நீங்கதான் போட்டோ எடுக்கிறவுகளாச்சே. அம்மா படம் நல்லதா ஒண்ணு குடுங்கக்கா” என்றார் கடைக்காரர்.

என் போனில் இருந்ததெல்லாம் நான்தான். கடைசியில் ஆதார் அட்டையிலிருந்த மங்கிய முகத்தைப் பெரிதாக்கினார்.

காரியம் முடிந்ததும் கேமராவில் எடுத்த பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாவற்றின் ஓரத்திலும் வேட்டியை இறுக்கிப் பிடித்த நாலு விரல்கள் இருந்தன. அந்தக் கையை ஆடாமல் பிடிக்கச் சொல்லித் திட்டியதும், பிறகு போனில் ஏற்றும்போது படம் கெடுகிறதென்று அதை வெட்டி எடுத்ததும் நான்தான்.