மச்சியின் வழக்கு

என் கணவரின் தங்கையான மச்சிக்கும் எனக்கும் நடக்க முடியாத பிள்ளை ஒவ்வொன்று. அவளுக்கு ஒரு வழக்கு இருந்தது. எனக்கு இருக்கவில்லை.

புத்தளம் பக்கம் கரைத்தீவில் ஒரே வளவுக்குள் எங்கள் இரண்டு வீடும். என் மகன் பிறக்கும்போது கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. மூச்சு வரத் தாமதமாகிவிட்டது. அவளுடைய மகள் அப்படியில்லை. வளவெல்லாம் ஓடித் திரிந்த பிள்ளை. கிளினிக்கில் தடுப்பூசி போட்டுவந்த பிறகு காய்ச்சல் வந்தது, அதோடு வலிப்பு. பிறகு அவள் எழும்பி நிற்கவேயில்லை. ஊசியால்தான் என்றாள் மச்சி. அப்படிச் சொல்ல முடியாது என்றார்கள் டொக்டர்மார். தெரிந்த ஒரு சட்டத்தரணி கிளினிக்கின்மேல் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்.

அன்றிலிருந்து வளவுக்குள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தார் வந்தார்கள், பத்திரிகைக்காரர் வந்தார்கள். எல்லோரும் என் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். என் மகன் அங்கேதான் பாயில் கிடப்பான்.

"இதுவும் ஊசியாலயா?" என்று ஒரு பெண் நின்று கேட்டாள்.

"இல்ல, பொறக்கும்போதே."

"அல்லாஹ்ட நாட்டம். சபூர் செய்யுங்க" என்றுவிட்டு மச்சி வீட்டுக்குப் போனாள். மச்சிக்கு நீதி வேண்டும், எனக்குப் பொறுமை போதும்.

மகள் ஓடும் வீடியோ ஒன்று மச்சியின் போனில் இருந்தது. வந்தவர்கள் அதைப் பார்த்து அழுவார்கள். என்னிடம் காட்ட ஒன்றுமில்லை. அந்த வீடியோவுக்காகவே எனக்கு அவள்மேல் எரிந்தது. அவளுக்கு ஓடும் பிள்ளை கொஞ்சக் காலமாவது கிடைத்ததே.

வழக்கை இணக்கமாக முடிக்கலாம் என்று எதிர்த்தரப்பு கொழும்புக்குக் கூப்பிட்டபோது அவள் என்னிடம் வந்தாள். நான் கல்யாணத்துக்கு முன்பு சிலாபத்தில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தவள். சிங்களம் நன்றாக வரும்.

"மச்சி, அவங்க கதைக்கிறது எனக்குப் பாதிதான் விளங்கும். நீங்க பக்கத்தில இருங்களே."

போனேன். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி மரியாதையான மனுஷன். கதைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று என் பக்கம் திரும்பி, சிங்களத்தில் கேட்டார்: "உங்களுக்கும் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறதாமே? அப்படியென்றால் இது குடும்பத்திலேயே உள்ள நோயாக இருக்கலாம், இல்லையா?"

மச்சிக்கு விளங்கவில்லை. என்ன கேட்கிறார் என்று என் முகத்தைப் பார்த்தாள். "இருக்கலாம்" என்று நான் சொன்னால் போதும், அவளும் என்னைப்போல ஆகிவிடுவாள். அந்தச் சொல் வாய்வரை வந்தது.

ஆனால் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இத்தனை காலம் என் மகனை ஒருவரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. முதன்முதலாக விசாரித்த இந்த மனுஷனுக்கும் அவன் தேவைப்பட்டது அவளைத் தோற்கடிக்கத்தான்.

"இல்லை. என் மகனுக்குப் பிறக்கும்போது மூச்சுத் திணறியது. ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள்" என்றேன்.

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கடைசியில், ஊசிதான் காரணம் என்று ஒப்புக்கொள்ளாமலே பிள்ளையின் வைத்தியச் செலவை ஏற்க உடன்பட்டார்கள். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"அப்ப எதால எண்டு சொல்லமாட்டாங்களா?" என்றாள் மச்சி.

அதையும் சிங்களத்தில் கேட்டேன். சட்டத்தரணி கடதாசியை அவள் பக்கம் தள்ளி, கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டினார். அவள் கையெழுத்து வைத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதாள். "உங்களுக்கு ஏன் எண்டாவது தெரியும், மச்சி. நான்தானே அவள ஊசிக்குத் தூக்கிட்டுப் போனன்." அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். வென்றவளுக்கு ஆறுதல் சொல்லும் வேலையும் எனக்கா என்றிருந்தது.

பிறகு அவள் வீட்டுக்குச் சக்கரக் கதிரை வந்தது. கிழமைக்கு ஒருக்கா புத்தளத்திலிருந்து உடற்பயிற்சி கொடுக்கும் மிஸ் ஒருவர் வந்தார். "உங்கட மகனையும் கொண்டாங்க" என்று மச்சிதான் கூப்பிட்டாள். ரோஷம் தடுத்தாலும் தூக்கிக்கொண்டு போனேன்.

சில மாதங்களில் ஒருநாள், மிஸ் கையை விட்ட பிறகும் என் மகன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளுடைய மகளால் அது இன்னும் முடியவில்லை. நான் சத்தமாக அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு மச்சியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரித்தாள். கொஞ்சம் பிந்திய சிரிப்பு. அந்த இடைவெளியில் அவள் முகத்தில் இருந்தது என்னவென்று எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த கிழமையும் அவள் என் வாசலில் நின்று கூப்பிட்டாள். நானும் போனேன்.