பொய் முனகலுக்கும் ஓடி வரும் நாய்

பென்சன் வாங்கத் தொடங்கியதோடு என் வீட்டுக்காரருக்கு நடிப்பும் வந்து சேர்ந்தது. பாடசாலையில் படிப்பித்த காலத்தில் சிரிப்பதற்கே யோசித்த மனிதர், அம்பிட்டியவில் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து வலி வந்தவர் மாதிரி முனகுவார். எந்த மூலையில் கிடந்தாலும் எங்கள் நாய் ஓடி வந்து அவர் முகத்தை நக்கும், மடியில் தலையை வைக்கும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இதைக் காட்டிப் பெருமைப்படுவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆரம்பத்தில் நானும் கை வேலையைப் போட்டுவிட்டு ஓடியவள்தான். மூன்று முறை ஏமாந்தேன். நான்காம் முறை அசையவில்லை. நாய்க்கு மட்டும் அந்தப் புத்தி வரவேயில்லை. ஏமாந்த சோணகிரி என்று அதையும் சேர்த்துத் திட்டுவேன்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, கீழே ரோட்டில் பாண் ரொட்டி விற்கும் ஓட்டோவின் பாட்டுச் சத்தம் கேட்டு அவர் குடையோடு இறங்கினார். எங்கள் வாசலிலிருந்து ரோட்டுக்கு நாற்பத்திரண்டு படி. கொஞ்ச நேரத்தில் முனகல் கேட்டது. மழையிலுமா நாடகம் என்று நான் பாட்டுக்குத் தேங்காய் துருவினேன். நாய் சொட்டச் சொட்ட நனைந்து குசினிக்குள் வந்து என் கவுனைக் கவ்வி இழுத்தது. அவர்தான் அனுப்பியிருப்பார் என்று அகப்பையை ஓங்கினேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி மழைக்குள் ஓடியது.

மேலே போன ஓட்டோ திரும்பி வரும்போதுதான் பாண்காரர் அவரைக் கண்டு, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் என்னைக் கூப்பிட்டார். பாசி வழுக்கி, பாதிப் படியில் கால் மடங்கிக் கிடந்தார். அவர் நெஞ்சோடு ஒட்டி நாய் படுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டார்கள். சத்தமாகக் கூப்பிட்டிருக்கலாமே என்று அழுதேன்.

"கூப்பிட்டேன். நீ வரமாட்டன்னு தெரியும். அது பக்கத்துல இருந்திச்சு, அவ்வளவா பயமில்ல."

குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. அவர் மழையில் கிடந்த அரை மணிநேரமும் நான் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்த மறுவாரம் அறையிலிருந்து முனகல். அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினேன். சும்மாதான் என்றார், வெட்கமேயில்லாமல். கோபம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் கட்டிலோரம் உட்காரப் போனேன். முன்னமே வந்து படுத்திருந்த நாய் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டது.