ஒன்பது கதவுகள்

பொதுக் கட்டடப் பராமரிப்பு அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'ஈயம் பித்தளை மேடம்'. எங்காவது கட்டடம் இடிக்கிறார்கள் என்று காற்றுவாக்கில் சேதி வந்தால் போதும், மறுநாள் காலையில் அங்கே போய் நிற்பாள். ஜன்னல் கம்பி, கதவு, உடையாத ஓடு என்று எதையாவது கணக்கெடுத்து வந்து, இவற்றைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதுவாள். குறிப்பு போன இடம் தெரியாது. பத்தொன்பது வருடம் இப்படி எழுதினாள். "நீ எழுதின குறிப்பையெல்லாம் அடுக்கினாலே ஒரு சுவர் எழுப்பலாம்" என்பார் கணவர். அவர் பழைய மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுகிறவர். வீட்டில் ஒரு திருகாணியைக் கூடத் தூக்கிப் போடமாட்டார். அதனால் அந்தக் கேலி அவளுக்கு வலித்ததில்லை.

இருபதாவது வருடம் ஒரு குறிப்பு கையெழுத்தோடு திரும்பி வந்தது.

பொது நூலகத்தின் வாசிப்புக் கூடம் பற்றிய குறிப்பு அது. கூரை ஒழுகி, தரை பெயர்ந்து, பாதி நாற்காலிகள் மூன்று காலில் நின்றுகொண்டிருந்த கூடம். யாராவது இருமினால் நான்கு சுவரும் திருப்பி இருமும். எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் அலுவலகத்தின் திட்டம். புதுச் சாமான் எதுவுமே வேண்டாம் என்றாள் அவள். மூடிக்கிடந்த ஒரு பள்ளியை அப்போது இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அறுபத்து நான்கு கதவுகள் இருந்தன, எல்லாம் நல்ல சாதி மரம்.

நூலகர் முதலில் சந்தேகப்பட்டார். ஓய்வுபெற நான்கரை வருடம் மீதமிருந்தது அவருக்கு. பின்னறையில் நாற்பது வருடத்துச் செய்தித்தாள்களை மாதவாரியாகத் தைத்து அடுக்கி வைத்திருந்தார். ஊரில் யார் எப்போது செத்தார், எந்த வீதி எப்போது வெள்ளத்தில் மூழ்கியது என்று கைப்பட எழுதிய அட்டவணை வேறு. வாரிசுச் சான்றுக்கு அலைகிறவர்கள் கடைசியில் அவரிடம்தான் வருவார்கள். பின்னறைக்கும் புது அலமாரி உண்டு என்று அவள் சொன்னதும் மனிதர் இளகிவிட்டார். அதன்பிறகு வேலை நடந்த எட்டு மாதமும் பிற்பகலில் தேநீரை இரண்டாகப் பங்கிட்டு, ஒரு பங்கை அவளுக்கு மூடிவைத்திருப்பார்.

ஒவ்வொரு கதவையும் அவள் கண்ணும் கருத்துமாகப் பார்த்தாள். விரல் முட்டியால் தட்டுவாள், கோணி ஊசியால் குத்துவாள், மூலைகளைச் சுரண்டுவாள். பிறகு பூச்சிமருந்துத் தொட்டியில் ஊறவைத்து மூன்று வாரம் நிழலில் உலர்த்துவாள். கதவுகள் மேசைகளாயின. உடைந்த ஓடுகளைத் துண்டு சேர்த்துத் தரை போட்டார்கள். தையற்கடைக் கழிவுத்துணியை அழுத்திச் செய்த பலகைகள் சுவரில் ஏறியதும் கூடத்தில் எதிரொலி அடங்கியது.

திறப்பு விழா நாளை முன்னுக்குத் தள்ளினார்கள். வருகிற பெரிய மனிதருக்கு வேறு நாள் ஒத்துவரவில்லையாம். அப்போது ஒன்பது கதவுகள் மட்டும் மருந்தில் இறங்காமல் கிடந்தன. பின்னறை அலமாரிக்கு ஒதுக்கியவை. தச்சர் அவற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கணீர்னு இருக்கு மேடம். என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

அவள் ஊசியைக் கையில் எடுத்தாள். வாசலில் பந்தல்காரர் கூப்பிட்டார். ஊசியைப் பைக்குள் போட்டாள்.

"அப்படியே போட்டுடுங்க" என்றாள்.

மூன்று வருடம் அந்தக் கூடம் நன்றாக இருந்தது. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இடச் சண்டை வருமளவுக்குக் கூட்டம். வேறு அலுவலகங்களிலிருந்து வந்து பார்த்துப் போனார்கள். மருத்துவமனையின் காத்திருப்பு அறையையும் அவளிடமே கொடுத்தார்கள். அதற்கான மரம் மருந்தில் ஊறி உலர்ந்து கிடங்கில் தயாராக நின்றது. பட்டப்பெயர் அப்படியேதான் இருந்தது. ஆனால் கூப்பிடுகிறவர்கள் இப்போது சிரிப்பதில்லை.

ஒரு காலை நூலகர் அவளை வரச்சொல்லி ஆளனுப்பினார். பின்னறைத் தரையில், அலமாரிக்குக் கீழே, கடுகைவிடச் சிறிய பழுப்பு மணிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. அவள் குனிந்து சிலவற்றை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தாள். மண்ணே இல்லாமல் காய்ந்த மரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்துகிற கரையான் ஒன்று உண்டு. அதன் எச்சம் அது. பலகையில் விரலை வைத்து அழுத்தினாள். விரல் உள்ளே போனது.

நூலகர் ஒரு தொகுதியை எடுத்து அவள் முன் வைத்தார். அட்டை முழுசாக இருந்தது. திறந்தால் உள்ளே தாள் இல்லை, சல்லடைதான். இருபத்தாறு வருடத்துத் தாள்கள் அப்படிப் போயிருந்தன. கைப்பட எழுதிய அட்டவணையில் மிஞ்சியது ஓரங்கள் மட்டும்.

"இந்த ஒன்பது கதவுக்கு மருந்து வைக்கல சார்" என்றாள். "நான்தான் போடச் சொன்னேன்."

அவர் தொகுதியை மூடி அட்டையைத் தடவினார். குரலை உயர்த்தவில்லை.

"உங்களைத் திட்டணும்னு தோணலைம்மா. ஆனா இனிமே நீங்க இங்க வராதீங்க. உங்களைப் பார்த்தா எனக்கு இதுதான் ஞாபகம் வரும்."

விசாரணையில் தச்சரின் தலையில் பழியைக் கட்டியிருக்கலாம். அப்படிச் செய்யச் சொல்லி ஜாடையாக ஒருவர் சொல்லவும் செய்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினாள். மற்ற ஐம்பத்தைந்து கதவுகளையும் ஒன்றுவிடாமல் சோதித்து, ஒன்றிலும் பூச்சி இல்லை என்று சேர்த்து எழுதினாள். முதல் பாதியை எல்லோரும் படித்தார்கள். இரண்டாம் பாதியைப் படித்ததாகத் தெரியவில்லை. இனி எந்தப் பொதுக் கட்டடத்திலும் பழைய பொருள் கூடாது, கூடத்தில் உள்ள அனைத்தையும் அகற்ற வேண்டும் என்று ஆணை வந்தது.

மேசைகளைக் கோடரியால் பிளந்து ஏற்றினார்கள். சுவர்ப் பலகைகளைக் கடப்பாரையால் நெம்பினார்கள். தரையை உடைக்கத் தொடங்கியபோது, தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் பொறுக்கமாட்டாமல் உள்ளே போனாள்.

"கரையான் ஓட்டுத் தரையைத் தின்னாது சார்."

மேற்பார்வையாளர் ஆணையைப் பிரித்துக் காட்டினார். பாவம், அவர் நல்ல மனிதர். "அனைத்தும்னு போட்டிருக்கு மேடம். நான் என்ன பண்ண?"

மருத்துவமனைக்கென்று தயாராக இருந்த மரமும் அதே வாரம் செங்கற்சூளைக்குப் போனது. தடுத்துப் பார்க்கச் சொன்னார் கணவர். யாரிடம் போய் எதைச் சொல்லித் தடுப்பது என்று கேட்டாள். அவர், சோறு ஆறிப்போகிறது என்று மட்டும் சொன்னார்.

அவளைக் கழிவுநீர்க் குழாய்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த வேலையில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. குறிப்பு எழுதுவது மட்டும் நின்றுபோனது. கட்டடம் இடிக்கிற தெரு வந்தால் அடுத்த தெரு வழியாகப் போனாள். வாசிப்புக் கூடத்தில் புது நாற்காலிகள் வந்துவிட்டன, எதிரொலியும் திரும்பிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அவள் போய்ப் பார்க்கவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, மருத்துவமனையில் மருந்து வாங்குகிற வரிசையில் நூலகரைப் பார்த்தாள். மெலிந்திருந்தார். ஒதுங்கப் பார்த்தாள்; அவரே நகர்ந்து இடம் கொடுத்தார். முழங்கால் வலியைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். அவளுடைய இரத்த அழுத்தத்தைப் பற்றிக் கேட்டார். உட்கார ஓரிடமில்லாமல் கர்ப்பிணிகள் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நூலகத்துக்குப் போறீங்களா சார்?" என்று கடைசியில் கேட்டுவிட்டாள்.

"இல்லம்மா. செய்தியெல்லாம் இப்போ போன்லயே பாத்துடறேன்" என்றார்.

அவர் எண்ணைக் கூப்பிட்டார்கள். மருந்தை வாங்கிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கிப் போனார். அவளுக்கு முன்னால் இன்னும் பதினேழு பேர் இருந்தார்கள்.